கண்மாய் ஆய்வுக்கு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

கண்மாய்க்கரை:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்டி இரண்டாம் வருடத்தில் இருக்கிறேன். மேலூர், அழகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் 12 கண்மாய்களில் தண்ணீரின் தரம் மழைக்கு முன்னால், மழை இறங்கும்போது, மழை ஓய்ந்த பிறகு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். மூன்று வருடத்துக்கு நிதி வந்திருக்கிறது. கைடு, நான், புராஜெக்ட் அசிஸ்டென்டாக ஒரு தம்பி, அவ்வப்போது உதவிக்கு வரும் எம்எஸ்சி மாணவிகள் இரண்டு பேர், இவ்வளவுதான் குழு.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கேள்வி புரியும். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் மீட்டருக்கும் ரீஏஜென்ட் என்கிற பரிசோதனை ரசாயனங்களுக்கும் ஆகஸ்டில் இன்டென்ட், அதாவது வாங்கித் தரச் சொல்லும் விண்ணப்பம், போட்டோம். கொட்டேஷனில் ஏதோ குறை என்று இரண்டு முறை திரும்பி வந்தது, அதைச் சரிசெய்து ஆர்டர் போனபோது செப்டம்பர் கடைசி, பொருள் கைக்கு வந்தபோது நவம்பர் இரண்டாவது வாரம். அதற்குள் முதல் மழைத் தண்ணீர் கண்மாய்க்குள் இறங்கி முடிந்துவிட்டது. வயலிலும் ரோட்டோரத்திலும் கோடை முழுக்கச் சேர்ந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு வரும் அந்த முதல் தண்ணீர்தான் எங்கள் ஆய்வுக்கு உயிர். அந்த ஒரு வாரம் போனதில் ஒரு வருடமே போய்விட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஜனவரியில் உட்கார்ந்து டேட்டாவை எக்ஸெலில் ஏற்றும்போது, நோட்டில் "பெரிய கண்மாய்" என்று எழுதியிருந்த 14 சாம்பிள்கள் எந்த ஊருடையவை என்றே தெரியவில்லை. எங்கள் பட்டியலில் மூன்று ஊர்களில் பெரிய கண்மாய் இருக்கிறது. ஒரு நாள் நான் எழுதியிருக்கிறேன், ஒரு நாள் தம்பி, ஒரு நாள் மாணவிகள். அவரவருக்கு அன்றைக்கு எந்த ஊர் என்று தெரிந்திருக்கிறது, மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவில்லை. 14-ஐயும் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் கைடு, "ஆள், காசு, தேதி எல்லாவற்றையும் நீயே எடுத்து நடத்தம்மா" என்று சொல்லிவிட்டார். நன்றாகச் செய்ய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன், ஆனால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கோர்ஸ் ஒர்க்கில் புள்ளியியல் இருந்தது, ஆய்வு நெறி இருந்தது, இது மட்டும் இல்லை. ஐடியில் இருக்கும் தோழி பிஎம்பி என்ற புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்குப் படி என்கிறாள். அது எனக்கு உதவுமா? எந்த சாஃப்ட்வேர் எடுப்பது? எல்லாவற்றையும் விட, என்ன வரும் என்றே தெரியாத ஓர் ஆய்வுக்குத் தேதி போட்டுத் திட்டம் எழுதுவது எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை வயல்:

அம்மா, நான் பயிர் ஆய்வில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், மற்றதில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும்.

முடிவு என்ன வரும் என்று தெரியாதுதான், ஆனால் வேலை என்ன என்று தெரியுமே. எத்தனை கண்மாய், கண்மாய்க்கு எத்தனை இடம், எத்தனை பாட்டில், ஒரு பாட்டிலுக்கு லேபில் எவ்வளவு நேரம், இதெல்லாம் கணக்குக்குள் அடங்கும். அடங்காதது இரண்டுதான்: மழை எப்போது வரும், டேட்டா என்ன சொல்லும். அடங்குவதற்குத் தேதி போடு. அடங்காததற்குத் தேதி போடாதே, "இது நடந்தால் இதைச் செய்வோம்" என்று முன்கூட்டியே எழுதி வை.

வைகை அணையில் என்ன செய்கிறார்கள் பார். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. எந்தத் தேதியில் 66 வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பது முன்பே முடிவாகி இருக்கிறது. உன் ஆய்வுக்கும் அப்படி மூன்று படி வைத்துக்கொள். வானிலை அறிக்கையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வந்த அன்றைக்கே பாட்டில்கள் கழுவி, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டி தயாராக இருக்க வேண்டும். உன் பகுதியில் ஒரே நாளில் குறிப்பிட்ட அளவு மழை பெய்தால், அது எத்தனை மில்லிமீட்டர் என்று நீயும் கைடும் இப்போதே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். வரத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று ஊரில் இருந்து போன் வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். இந்த மூன்றாவது படிக்கு ஒவ்வொரு கண்மாய்க்கும் கரையில் ஒரு ஆள் தெரிந்திருக்க வேண்டும். மடை திறக்கிறவரோ டீக்கடைக்காரரோ யாராக இருந்தாலும் சரி, அவர் நம்பர் உன் போனில் மட்டும் இருந்தால் போதாது, லேப் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் சாஃப்ட்வேரைத் தேடாதே. நாலு சார்ட் பேப்பரை ஒட்டி 12 மாதத்துக்குக் கட்டம் போட்டு, உன் கையில் இல்லாத தேதிகளை எல்லாம் முதலில் சிவப்பு மையில் எழுது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதம், தீபாவளியும் அதற்குள்ளேதான் வரும், லேப் பூட்டியிருக்கும். மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்குப் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடுவது காலண்டரைப் பார்த்து அல்ல, அணையில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து. கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் கண்மாயும், மழைத் தண்ணீர் மட்டும் வரும் மானாவாரிக் கண்மாயும் ஒன்றாக மாறாது, அதை நீ பிரித்து வைத்திருக்கிறாயா? கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊரே ஊத்தா, கச்சா என்று மீன்பிடி கருவிகளோடு உள்ளே இறங்கிக் கலக்கும், மறுநாள் போய் நீ தண்ணீரின் கலங்கலை அளந்தால் அது கண்மாயின் குணமா? சிவப்பு மையில் இதெல்லாம் ஏறிய பிறகு, மழை நாளில் இருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வா. அக்டோபர் முதல் வாரம் பொருள் மேசையில் இருக்க வேண்டும் என்றால் ஆர்டர் எப்போது, கொட்டேஷன் எப்போது, இன்டென்ட் எப்போது என்று எண்ணினால் நீ ஆகஸ்டில் போட்டது எவ்வளவு தாமதம் என்று உனக்கே தெரியும்.

மீட்டர் வரவே இல்லை என்று வைத்துக்கொள். 300 மில்லி பாட்டிலில் பிடித்து, கரையிலேயே மாங்கனீஸ் சல்ஃபேட்டும் ஆல்கலி அயோடைடு அசைடும் விட்டு, பழுப்பாக வீழ்படிவு இறங்குகிறதா என்று பார்த்து லேபுக்கு எடுத்து வந்து டைட்ரேட் பண்ணி ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடலாம். வின்க்லர் முறை, நூறு வருடத்துக்கு மேல் பழையது, இன்றைக்கும் நம்பலாம். கெமிக்கலும் பக்கத்து டிபார்ட்மென்ட் அலமாரியிலேயே இருந்திருக்கும். போன வருடம் அது உங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்றால் அறிவு இல்லாததால் இல்லை, "மீட்டர் வராவிட்டால்" என்று ஒரு வரி எங்கும் எழுதி வைக்காததால்.

வரவுசெலவு:

ஆய்வு நிதிக் கணக்கு பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். ஐயா சொன்ன சிவப்பு மைத் தேதிகளில் மார்ச் 31-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம், அறிவியல் துறையில் முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். அரசு நிதி என்றால் வருட முடிவில் செலவுக் கணக்கும், அரசு நிதி விதிகளின் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் யூசி என்கிற பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும், அது போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும், உங்கள் தம்பிக்குச் சம்பளமும் சேர்ந்து நிற்கும்.

நிதிக்கு ஒப்புதல் தந்த சாங்ஷன் ஆர்டரை நீங்கள் ஒரு முறை உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் கைடு மேசையிலேயே கிடக்கும். எந்த ஹெட்டில், அதாவது செலவுத் தலைப்பில், எவ்வளவு, கருவிக்கு, கெமிக்கலுக்கு, பயணத்துக்கு, ஆள் சம்பளத்துக்கு என்று அதில்தான் இருக்கிறது, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டுமா என்பதும் அதில்தான் இருக்கிறது. ஹெட் வாரியாக ஒதுக்கியது, ஆர்டர் கொடுத்தது, பில் கட்டியது, மீதி என்று நாலு பத்தி போட்டு ஒரு எக்ஸெல் ஷீட் வையுங்கள். இரண்டாவது பத்திதான் உயிர், ஏனென்றால் ஆர்டர் கொடுத்து பில் வராத காசு கையில் இருக்கிற மாதிரியே தெரியும்.

கொட்டேஷன் திரும்பி வந்ததாகச் சொன்னீர்கள். என் மேசைக்கு வருவதில் பாதி திரும்பிப் போவது சின்னக் காரணத்துக்குத்தான்: ஸ்பெசிஃபிகேஷனும் கொட்டேஷனும் ஒத்துப்போகாது, ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்காது, கொட்டேஷனில் போட்டிருந்த கெடு தேதி முடிந்திருக்கும், அல்லது அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் தேடிப் பார்த்ததற்குச் சான்று இருக்காது. இன்டென்ட் போடுவதற்கு முன்னால் டிராஃப்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்கு ஒரு நடை போய், "இதில் என்ன குறை வரும்?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம். யாரும் வந்து கேட்பதில்லை.

வடபழஞ்சி ஐடி:

பிஎம்பி பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், நான் அந்தத் தேர்வு எழுதியவன். பட்டம் இருந்தாலும் புராஜெக்ட்களை வழிநடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டும், அதற்கு மேல் 35 மணி நேரப் பயிற்சி. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். பிஎம்பி நடத்தும் அதே அமைப்பின் தொடக்கநிலைத் தேர்வான கேப்எம்முக்கு அனுபவம் கேட்க மாட்டார்கள், 23 மணி நேரப் பயிற்சி போதும், ஆனால் கட்டணம் ஸ்காலர்ஷிப்பில் இருப்பவருக்குக் கனம்தான். வேறு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிறகு யோசியுங்கள். ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடங்கள் இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் காசு. அதில் வேலையைப் பிரிப்பது, கிரிட்டிகல் பாத் இந்த இரண்டு பகுதியை மட்டும் பாருங்கள், கட்டடம் கட்டுகிறவர்களுக்கான உதாரணங்களை எல்லாம் தாண்டிப் போங்கள்.

கிரிட்டிகல் பாத் என்றால், எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளுமோ அந்த வேலைகளின் சங்கிலி. உங்களுக்கு அது இன்டென்ட், ஆர்டர், பொருள், பயிற்சி, முதல் மழை. மாணவிகளுக்கு ஷெட்யூல் போடுவது, கட்டுரைகள் படிப்பது எல்லாம் அதற்கு வெளியே, பத்து நாள் தள்ளினாலும் குடி முழுகாது. தினமும் காலையில் எதை முதலில் தொடுவது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நாட்கணக்கு போட இன்னொரு வழி. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. முன்னே பின்னே செய்து பழகாத வேலைக்கு ஒரே ஒரு மதிப்பீடு கேட்காமல் மூன்று கேட்பார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். நடுவில் இருப்பதை நாலால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். மீட்டர் 15 நாளில் வரலாம், வழக்கமாக 40, மோசமானால் 100 என்றால் 15, 160, 100 கூட்டி 275, ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 46 நாள்.

ஒத்தக்கடை வயல்:

தம்பி, கணக்கு சரி, ஆனால் இந்த இடத்தில் அதை வைத்துத் திட்டமிடாதே என்றுதான் நான் சொல்வேன். 46 நாள் என்பது நடுவாந்திரம். வேலை தள்ளிப் போனால் பின்னால் ஈடுகட்ட முடிகிற இடத்தில் அது உதவும். மழை ஈடுகட்ட விடாது, அந்தப் பொண்ணுக்கு மூன்று வருடத்தில் மூன்றே மூன்று முதல் மழை, அதில் ஒன்று போய்விட்டது. பருவத்தை ஒட்டிய வேலைக்கு 100 நாளைத்தான் எடுக்க வேண்டும். பொருள் முன்னால் வந்து அலமாரியில் கிடந்தால் என்ன, ரீஏஜென்ட் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வடபழஞ்சி ஐடி:

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். லேப் வேலைக்கும் எழுத்து வேலைக்கும் 46 மாதிரி நடுவாந்திரக் கணக்கு, மழைக்கு முன் முடிய வேண்டியதற்கு 100 மாதிரி மோசமான கணக்கு.

மருந்துப் பரிசோதனை அக்கா:

தங்கச்சி, நான் மதுரையில் கண் சிகிச்சை ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். உன் 14 சாம்பிள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பூஞ்சையால் கருவிழியில் வரும் புண்ணுக்கு நாட்டமைசின் நல்லதா வோரிகோனசோல் நல்லதா என்று 323 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பழைய மருந்தான நாட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது. மதுரை மட்டுமல்ல, பல ஊர்களில் இருந்து வந்த நோயாளிகள், பல கைகள். அந்த மாதிரி ஆய்வை ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால் கடைசியில் யாருக்கு எந்த மருந்து போனது என்றே தெரியாது. அதனால் எங்கள் துறையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே இரண்டு தாள் தயாராக இருக்கும். ஒன்று, யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று பெயர், கையெழுத்து, தேதியோடு ஒரு பட்டியல். இன்னொன்று, விதி மீறினால் எழுதும் பதிவேடு. இரண்டாவதைத் தண்டனையாக நினைக்காதே. "ஐஸ் உருகிவிட்டது, பாட்டில் 2 மணி நேரம் வெயிலில் இருந்தது" என்று அன்றைக்கே எழுதினால் அந்த ஒரு பாட்டிலோடு போகும். பயந்துகொண்டு எழுதாமல் விட்டால் எல்லாப் பாட்டில் மீதும் சந்தேகம் வரும். தம்பியும் மாணவிகளும் பயமில்லாமல் எழுத வேண்டும் என்றால் முதல் பதிவை நீ உன் தவறோடு எழுது.

கண்மாய்க்குப் பெயரே எழுத வேண்டாம், கே01-ல் இருந்து கே12 வரை குறியீடு போடு. அதற்குப் பிறகு இடம், தேதி, பாட்டில் எண். லேபிளை வீட்டிலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போ, கரையில் ஈரக் கையோடு எழுதக் கூடாது. தண்ணீரில் அழியாத பேனா, அதை ஒரு முறை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து அழிகிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

மழைக்கு முன்னால் ஒத்திகை ஒன்று கட்டாயம். இரண்டு கண்மாய்க்கு எல்லாரும் போய், நிஜ நாள் மாதிரியே முழுக்கச் செய்து லேபில் முடிவு வரும் வரை போக வேண்டும். நீ பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அளவு, பார்ப்பாய்தானே? இந்திய முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைப்பதாக இருந்தால் வியாழக்கிழமை வைத்தது ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். ஞாயிறு லேப் சாவி யாரிடம்? மழை வியாழக்கிழமை வந்தால் அந்தக் கிழமையை மாற்ற முடியாது. அதனால் விடுமுறை நாளில் லேபைத் திறக்க இப்போதே கடிதம் கொடுத்து, அனுமதியைக் கையில் வாங்கி வைத்துக்கொள். கரண்ட் போனால் இன்குபேட்டர் என்னவாகும் என்றும் கேட்டு வை.

இன்னும் ஒன்று, இது நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் பருவத்து டேட்டா வந்ததும் எந்தக் கேள்விக்குப் பதில் பார்த்து எதை மாற்றுவாய் என்று இப்போதே எழுது. உதாரணத்துக்கு, ஒரே கண்மாய்க்குள் மடைப் பக்கத்துக்கும் வரத்துப் பக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம், கண்மாய்க்கும் கண்மாய்க்கும் இருப்பதைவிடப் பெரிதாக வந்தால், அடுத்த வருடம் கண்மாயைக் குறைத்து இடத்தைக் கூட்டுவாயா? வந்த பிறகு யோசித்தால், 12 கண்மாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்ற பிடிவாதம்தான் ஜெயிக்கும்.

போடி மெட்டு:

எல்லாரும் பொருளையும் தேதியையும் சொல்லிவிட்டார்கள், நான் ஊர்க்காரர்களைச் சொல்கிறேன். எங்கள் தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மதுரையில் 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவியைக் கட்டி ஓட்டியும் காட்டினார்கள். மலையில் சுரங்கம் வரவில்லை. ஊர் மக்களின் அச்சம், காட்டைப் பற்றிய கேள்வி, வழக்கு, மாநில அரசின் எதிர்ப்பு என்று போனது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை, எனக்கும் அதில் உறுதியான கருத்து உண்டு. ஊர் என்ன சொல்லும் என்பது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் 12 கண்மாய்க்கும் மீன் குத்தகை எடுத்தவர் இருப்பார். பாட்டிலும் மீட்டருமாக நீங்கள் இறங்கினால் "தண்ணீரில் விஷம் என்று எழுதி என் மீனை விற்கவிடாமல் பண்ணப் போகிறார்கள்" என்று அவர் நினைக்க எல்லா நியாயமும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள், பாசனச் சங்கத்தார், குத்தகைக்காரர் மூவரையும் மழைக்கு முன்பே போய்ப் பாருங்கள், முடிவு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம் என்று சொல்லிவிட்டு அதைச் செய்யுங்கள். இதற்கும் நாள் ஒதுக்க வேண்டும், ஒரு ஊருக்கு அரை நாள்.

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதிய ராத்திரியே சார்ட் பேப்பர் வாங்கிக் கட்டம் போட்டேன். 100 நாள் என்று பின்னோக்கி எண்ணினால் ஜூன் கடைசி வாரத்தில் நிற்கிறது, அதாவது இந்த வாரம். மீட்டர் இருக்கிறது, ரீஏஜென்டும் உதிரி புரோபும்தான் வேண்டும். நேற்று டிராஃப்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனேன், புரோபின் மாடல் எண் இரண்டு தாளிலும் வேறு வேறாக இருந்ததை அங்கே இருந்தவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். போன வருடம் திரும்பி வந்ததும் இதே மாதிரி விஷயத்துக்குத்தான்.

மானாவாரிக் கண்மாய், கால்வாய்க் கண்மாய் என்று பிரிக்கவில்லை ஐயா. இப்போது பிரித்துப் பார்த்தால் 12-ல் 7 கால்வாய், 5 மானாவாரி. கைடிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை வைத்து ஆய்வுக் கேள்வியையே திருப்பி எழுத வேண்டியிருக்கும் என்றார். அதற்கு ஒரு நாள் உட்காருகிறோம்.

அக்கா, பதிவேட்டில் முதல் பதிவாக அந்த 14 சாம்பிளை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தம்பி அதைப் படித்துவிட்டு, போன வருடம் ஒரு நாள் ஐஸ் வாங்க மறந்ததைச் சொன்னான். எந்த நாள் என்று கண்டுபிடித்து அதையும் எழுதியிருக்கிறோம், அந்த நாளின் 6 பாட்டில்களும் கணக்கில் இருந்து வெளியே போகின்றன.

ஞாயிற்றுக்கிழமை லேப் திறக்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கே03-க்கு யார் குத்தகை எடுத்திருக்கிறார் என்று ஊரில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், சனிக்கிழமை நேரில் போய்க் கேட்கப் போகிறேன். ஒத்திகை திங்கட்கிழமை, கே01-க்கும் கே07-க்கும், காலை 6 மணிக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து கிளம்புகிறோம்.